தொட்டில் வைத்த ஜில்லா



நாகரிகம் அடைந்த சமூகம் என்று எதனைச் சொல்வது என்ற பொருள் பற்றிப் பேசும்படி இச்சபையைக் கூட்டிய அறக்கட்டளையினர் என்னைப் பணித்தபோது, இந்த வாழப்பாடிக்கு அருகே ஓடும் வசிஷ்ட நதியின் போக்கிலேயே கிழக்கு நோக்கிப் போனால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றிற்று. பேளூரில் தான்தோன்றீசுவரர் சந்நிதி இருக்கிறது. ஆத்தூரைக் கடந்து ஆறகழூர் சென்றால் வாணகோவரையர் நினைவைத் தாங்கி நிற்கும் காமநாதீசுவரர் ஆலயம் இருக்கிறது. அதற்கு அண்மையிலேயே தியாகனூரில் புத்தர் பெருமான் கல்லுருவில் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். சைவமும் பௌத்தமும் ஒரே ஆற்றங்கரையில் தழைத்த தேசம் இது என்று தொடங்கி, கல்வெட்டுகளையும் நடுகற்களையும் வரிசைப்படுத்தி, நம் முன்னோர் எவ்வளவு உயர்ந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்று ஒரு மணி நேரம் பேசலாம். அப்படிப் பேசுவதில் பொய் ஒன்றும் இராது. சபையோரும் மனமகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள்.

ஆனால் ஒரு சமூகத்தின் உயர்வைக் கோபுரத்தையும் காவியத்தையும் கொண்டு அளப்பது, ஒரு குடும்பத்தின் குணத்தை அது விருந்தாளிக்குக் காட்டும் கூடத்தைக் கொண்டு அளப்பதற்கு ஒப்பாகும். தனக்காக ஒரு சொல்லும் சொல்லிக்கொள்ள இயலாத ஜீவனிடம், சாட்சி இல்லாத இடத்தில், ஒரு சமூகம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை நான் முதலில் பார்க்க விரும்புகிறேன். அதற்கு அடுத்தபடியாக, தான் நடந்துகொண்ட விதம் கொடியது என்று கண்டபோது அதை நாலுபேர் அறிய ஒப்புக்கொண்டு, தன் செலவிலேயே பரிகாரம் தேடும் நெஞ்சுரம் அதற்கு உண்டா என்பதையும் பார்க்க விரும்புகிறேன். இவ்விரண்டு சோதனைகளுக்கும் நம் சேலம் ஜில்லா பிரத்யட்சமாகவே உட்பட்டிருக்கிறது. முதல் சோதனையில் நாம் தோற்றோம். இரண்டாவதில் எவ்வளவு தூரம் தேறினோம் என்பதுதான் இன்றைய பேச்சு. பெண் சிசுக்கொலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்பது இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். இதை இந்த மண்ணிலே, இந்தத் தாய்மார்களின் முன்னிலையிலே பேசுவது எனக்கு எளிதாக இல்லை. வெளியூர் மேடையில் பேசுவது இன்னும் எளிதாக இருந்திருக்கும். அங்கே பேசுவதனால் பிரயோஜனம் குறைவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ன சாதியார்தான் இதைச் செய்தார்கள் என்று பெயர் குறித்துப் பேசுகிற வழக்கம் பத்திரிகைகளில் நெடுநாள் இருந்தது. அதை நான் பின்பற்றப் போவதில்லை. ஒரு சாதியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மற்றவர்கள் அனைவரும் தாங்கள் சுத்தர்கள் என்று மூச்சு விட்டுக்கொள்கிறார்கள் என்பது ஒரு காரணம். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் இல்லை என்று அறிந்தும் ஏன் என்று கேட்காதவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதை விரித்துச் சொல்ல மனம் இடந்தராது. பெண்ணாய்ப் பிறந்த சிசுவுக்குக் கள்ளிப்பாலோ எருக்கம்பாலோ புகட்டினார்கள், நெல்மணியை வாயிலிட்டார்கள், அல்லது பாலே கொடாமல் விட்டார்கள். முதற்குழந்தை பெண்ணானால் பெரும்பாலும் வளர்த்தார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாக வந்தபோதுதான் கை நீண்டது. 1986இல் மதுரைச் சீமையின் உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகை ஒன்று எழுதியபோது நாடு அதிர்ந்தது. 1994இல் இக்கொடுமையைக் காட்டிய ‘கருத்தம்மா’ திரைப்படம் வந்தபோது கொட்டகையில் அழாதவர் இல்லை. ஆனால் மதுரைச் சீமையின் பெயர் அவ்வளவு அடிபட்ட அதே காலத்தில், சேலம், தருமபுரி ஜில்லாக்களின் கணக்கு அதைவிட மோசமாக இருந்தது. 1991ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அந்நாளைய சேலம் ஜில்லாவில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தார்கள். இயற்கையின் போக்கிலே விட்டால் அது 950ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரத்துக்கு நூறு பேர் என்ற கணக்கில் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு.

இங்கே நான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. இது ஏதோ ஆதிகாலத்து அநாசாரம், படிப்பும் வெளிச்சமும் இல்லாத நாளின் மிச்சம், காலப்போக்கில் தானே கரைந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. 1961இல் தமிழ்நாடு முழுவதற்குமான குழந்தைகள் கணக்கில் ஆயிரம் ஆண்களுக்கு 985 பெண்கள் இருந்தார்கள். அது 1991இல் 948 ஆகக் குறைந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் நாம் அடைந்தவற்றை நினைத்துப் பாருங்கள்: ஊர்தோறும் பள்ளிக்கூடம் வந்தது, கிணறுதோறும் மின்சார மோட்டார் வந்தது, மதிய உணவு சத்துணவாயிற்று, சேலத்தில் உருக்காலை எழுந்தது, நாமக்கல் லாரிக்கும் கோழிப் பண்ணைக்கும் பெயர் பெற்றது, திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாரத தேசமெங்கும் போய்ப் பூமியைத் துளைத்தது, மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகி வடநாடு சென்றது, இந்த வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்புகள் பணம் கொழித்தன. 1991இல் தமிழ்நாட்டில் எழுத்தறிவு நூற்றுக்கு 62ஐத் தாண்டிவிட்டது. அறிவு ஏறிய அதே படிக்கட்டில் பெண் குழந்தை இறங்கிக்கொண்டிருந்தாள் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், கல்வியையும் சாலையையும் செல்வத்தையுமே நாகரிகம் என்று கருதும் பழக்கம் நம்மை விட்டுப் போகும் என்று நம்புகிறேன்.

செல்வம் பெருகியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. கிணற்று நீரும் பணப்பயிரும் வந்த பிறகு நிலத்துக்கு விலை வந்தது. நிலம் சிதறக்கூடாது என்ற கவலை வந்தது. குழந்தை இரண்டு போதும் என்ற எண்ணம் வந்தது, அந்த இரண்டில் ஒன்றேனும் ஆணாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் கூடவே வந்தது. முன்பு பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த குலங்களிலும் வரதட்சணை புகுந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், கல்யாணம், தலைப்பிரசவம் என்று ஒரு பெண்ணுக்காகப் பிறந்தகம் செய்யவேண்டிய சீர்களின் பட்டியல், அண்டை வீட்டாரின் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஆண்டுதோறும் நீண்டது. தேசமெல்லாம் உள்ள குழந்தைகளின் காலுக்கு வெள்ளிக் கொலுசு செய்து அனுப்பும் சேலத்தில், தன் வீட்டுப் பெண் குழந்தையின் காலைச் செலவுக் கணக்காகப் பார்க்கும் மனம் உண்டாயிற்று.

இப்படிச் செய்தவர்கள் இரக்கமற்ற அரக்கர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு மிகவும் சௌகரியமாக இருக்கும். எகிப்து தேசத்து மணலில் கிடைத்த ஒரு பழைய கடிதத்தை இங்கே நினைவுகூர்கிறேன். கிறிஸ்து சகாப்தம் தொடங்குவதற்குச் சற்று முன், கி.மு. 1ஆம் ஆண்டில், ஹிலாரியன் என்ற ஒரு தொழிலாளி, அலெக்சாந்திரியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபடியே ஊரிலுள்ள தன் மனைவிக்கு எழுதியது அது. குழந்தையைக் கவனித்துக்கொள்ளும்படி வேண்டுகிறான். கூலி வந்ததும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறான். என்னை மறந்துவிடாதே என்று அவள் சொல்லியனுப்பியதற்கு, உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே என்று தேறுதல் சொல்கிறான். அதே கடிதத்தில், அவள் வயிற்றிலிருப்பது ஆணாய்ப் பிறந்தால் வைத்துக்கொள், பெண்ணாய்ப் பிறந்தால் வெளியே போட்டுவிடு என்றும் எழுதியிருக்கிறான். அன்பும் கொடுமையும் ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. கிரேக்க தேசத்தின் மகா பண்டிதராகிய அரிஸ்டாட்டில், அங்கஹீனமாய்ப் பிறந்த குழந்தையை வளர்க்கலாகாது என்று சட்டமே வேண்டும் என எழுதிவைத்தார். அறிவிலும் கலையிலும் உச்சம் தொட்ட அந்த உலகத்தில், சிசுவை எறிவது குற்றமென்று ரோமச் சக்கரவர்த்திகள் விதிக்க கி.பி. 374 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஜில்லாவில் இதைச் செய்த குடும்பங்களும் ஹிலாரியனைப் போன்றவைதாம். கன்றுக்குட்டி சுகவீனப்பட்டால் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள். வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடாமல் அனுப்பாதவர்கள். குலதெய்வத்துக்குத் தவறாமல் பொங்கல் வைப்பவர்கள். நல்ல குணம் தனித்தனி மனிதரிடத்தில் இருப்பது போதுமானால் நம் நாடு என்றோ சொர்க்கமாகியிருக்கும். தனி மனிதரின் நற்குணம் எந்த எல்லையில் வந்து நின்றுவிடுகிறதோ அந்த எல்லைக்கு அப்பாலும் ஒரு காவல் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே சமூகத்தின் கடமை. அக்காவல் தவறிவிட்டால், நல்லவர்களும் சேர்ந்தே கொலை செய்வார்கள், கொலைக்கு மௌனமாய்ச் சாட்சி நிற்பார்கள்.

நம் ஜில்லாவில் அந்த மௌனத்தை யார் முதலில் கலைத்தார்கள்? பிரசங்கிகளும் அல்லர், எழுத்தாளர்களும் அல்லர் என்பதை நான் சற்று வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர்களே முதலில் கலைத்தார்கள். கருவுற்ற பெண்களின் பெயரை எழுதி, பிரசவத்தைக் கவனித்து, பிறந்த குழந்தை இறந்தால் காரணத்தைப் பதிவேட்டில் குறிப்பது அவர்கள் வேலை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குறைமாதம் என்று வழக்கமான காரணங்களுக்கு நடுவே, 1990களில் அப்பதிவேடுகளில் ‘சமூகக் காரணங்களால் மரணம்’ என்றொரு குறிப்பும் இடம்பெறத் தொடங்கிற்று. அதை எழுதிய பெண்ணின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அவள் அந்த ஊரிலேயே, அல்லது அடுத்த ஊரிலேயே குடியிருப்பவள். இருட்டிய பின் அந்த வீதிகளில் தனியாக நடந்து திரும்ப வேண்டியவள். ஊர்ப் பெரியவர்களின் தயவு இல்லாமல் தடுப்பூசி போடக்கூட ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாதவள். மூச்சுத்திணறல் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் உள்ளதை எழுதினாள். அப்பதிவேடுகளைத் தொகுத்து, ஷீலா ராணி சுங்கத் என்ற ஆட்சிப்பணி அதிகாரியும் ஆத்ரேயா என்ற பொருளாதாரப் பேராசிரியரும் 1997இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இது எங்கோ ஓரிரு ஊர்களின் விபரீதம் என்ற சமாதானம் அதற்குப் பின் எடுபடவில்லை. மதுரையிலிருந்து சேலம், தருமபுரி வழியாக வடக்கே செல்லும் ஒரு நிலப்பரப்பு முழுவதும் இது பரவியிருந்தது என்பது அரசாங்கத்தின் சொந்த ஏடுகளிலிருந்தே வெளியாயிற்று. தமிழ்நாட்டின் நாகரிக வரலாற்றை என்றேனும் ஒருவர் முழுமையாக எழுதுவாரானால், சங்கப் புலவர்களின் வரிசைக்கு எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெயர் தெரியாத செவிலியர்களின் வரிசையையும் வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இனித் தொட்டிலுக்கு வருகிறேன். 1992ஆம் ஆண்டில் அந்நாளைய முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை இந்தச் சேலத்தில்தான் தொடங்கினார். வளர்க்க விருப்பமில்லாத பெண் குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசாங்கத்திடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேறு பொது இடங்களிலும் தொட்டில்கள் வைக்கப்பட்டன. யார் வைத்தார்கள் என்ற கேள்வி இல்லை. குழந்தையை எடுத்துப் பேணி, முறைப்படி தத்துக் கொடுக்கும் பொறுப்பை அரசு ஏற்றது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி ஜில்லாக்களுக்கும், 2011இல் கடலூர், விழுப்புரம் முதலிய வேறு சில ஜில்லாக்களுக்கும் திட்டம் விரிந்தது. சீர்திருத்தம் நம்மிடம் தொடங்குவது இது முதல் முறையன்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை இராஜாஜி முதன்முதலில் அமல் செய்து பார்த்ததும், 1937 அக்டோபர் 1 அன்று, இதே சேலத்தில்தான். அவர் 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டு, தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோரையும் சமமாய் உடன் வைத்து வாழ்ந்து காட்டியதும் இந்தச் சமவெளியில்தான். சீர்திருத்தக்காரர்கள் நம்மிடம் அடிக்கடி வந்திருக்கிறார்கள். நம் நோய்கள் கடியவை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

தொட்டில் திட்டத்தை அறிவும் நல்லெண்ணமும் படைத்த பலர் கண்டித்தார்கள். பெண் குழந்தையைத் துறப்பது சரியே என்று அரசாங்கமே சொல்வது போல் ஆகிவிட்டதே என்றார்கள். தகப்பனைத் தண்டிக்காமல், தட்சணை கேட்டவனைத் தண்டிக்காமல், தாயிடமிருந்து சிசுவைப் பிரித்து வாங்குவது என்ன நீதி என்றார்கள். இந்தக் கண்டனத்தில் பெரும்பகுதி நியாயமானது என்றே கருதுகிறேன். தொட்டிலில் குழந்தையை வைத்துவிட்டுப் போன தாய்மாரில் எத்தனை பேருக்கு அது சுயேச்சையான முடிவாயிருந்திருக்கும்? மாமியாரும் கணவனும் வாயிலில் நிற்க, முலைப்பால் கட்டிக்கொண்டு வலிக்க, அவள் திரும்பி நடந்த நடையை எந்தத் திட்டத்தின் வெற்றிக் கணக்கிலும் சேர்க்க எனக்கு மனம் வராது. சட்டத்தின் கை எப்போதாவது இவ்விஷயத்தில் நீண்டபோதும் அது பெரும்பாலும் அந்தத் தாயின் தோளைத்தான் பற்றிற்று. முடிவெடுத்தவர்கள் திண்ணையிலேயே இருந்தார்கள்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரும், தொட்டில் வைத்தது சரி என்ற பக்கத்திலேயே நிற்கிறேன். சமூகத்தின் மனம் திருந்தட்டும், அதன் பிறகு குழந்தையைக் காப்போம் என்றிருக்க முடியாது; மனம் திருந்த ஒரு தலைமுறை வேண்டும், சிசுவுக்கு உள்ள அவகாசமோ மூன்று நாள். தவிரவும், பொது மருத்துவமனையின் வாயிலில் ஒரு காலித் தொட்டிலை வைத்த அன்று, அவ்வழியே போகிற ஒவ்வொருவரும், ‘எங்கள் ஊரில் இது நடக்கிறது’ என்ற வாக்குமூலத்தைப் படித்தே தீரவேண்டியதாயிற்று. ஐரோப்பாவும் இந்த வழியில் வந்ததுதான். பிளாரன்ஸ் நகரில் புருனெல்லஸ்கி என்ற மகாசிற்பி வடிவமைத்த அநாதைக் குழந்தைகள் இல்லம் 1445இல் திறக்கப்பட்டது. உலகத்தார் இன்றும் அதன் தூண்வரிசையைக் காணப் போகிறார்கள். லண்டனில் தாமஸ் கோரம் என்ற மாலுமி, தெருவோரத்தில் எறியப்பட்ட சிசுக்களைக் கண்டு மனம் பொறாமல், பல ஆண்டுகள் பிரபுக்களின் படியேறி, 1739இல் அரச சாசனம் பெற்று ஓர் இல்லம் நிறுவினார். அவ்வில்லங்களில் சேர்ந்த குழந்தைகளில் ஏராளமானோர் நோயால் மடிந்தார்கள் என்பதும் வரலாறு. குறைகளோடுதான் அவர்களும் தொடங்கினார்கள். மறைப்பதை நிறுத்தினார்கள் என்பதே அங்கே முக்கியம்.

மறைப்பைப் பற்றிச் சொல்லும்போது இக்கதையின் மிகக் கசப்பான அத்தியாயத்தைத் தாண்டிப் போக முடியாது. வீட்டுக் கொல்லையில் நடந்தது வெளிச்சத்துக்கு வந்த அதே ஆண்டுகளில், ஸ்கேன் கருவி சிறு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. தாயின் நலத்துக்கும் சிசுவின் நலத்துக்கும் மகத்தான உதவி செய்யும் அந்தக் கருவி, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் வேலைக்கும் விலைபோயிற்று. இன்று சில நூறு ரூபாய் செலவழித்தால் பின்னாளில் பல்லாயிரம் மிச்சம் என்ற பொருள்பட விளம்பரம் செய்தவர்களும் இந்நாட்டில் இருந்தார்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்து 1994இல் மத்திய சட்டம் இயற்றப்பட்டு, 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்டது. ஆயினும் 2001ஆம் ஆண்டுக் கணக்கில் சேலம் ஜில்லாவின் எண் 851ஆகவே இருந்தது. தருமபுரி 826இல் நின்றது.

கள்ளிச்செடியிலிருந்து கருவிக்கு மாறியதை முன்னேற்றம் என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா? ஆனால் அந்த மாற்றத்தில் எவ்வளவு பேருக்கு மன நிம்மதி கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அழுகைச் சத்தம் இல்லை, புதைகுழி இல்லை, குளிரூட்டிய அறை, வெள்ளை அங்கி, ரசீது இல்லாத ஒரு கட்டணம், வார்த்தை இல்லாத ஒரு தலையசைப்பு. படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் கூசாமல் இதில் புகுந்தார்கள். குடிசையில் நடந்தபோது காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளித்த கூட்டம்தான், கட்டடத்துக்குள் நடந்தபோது அதைக் குடும்ப விவகாரம் என்றது. கொடுமை அருவருப்பாகத் தோன்றாதபடி செய்து கொடுக்கும் சாமர்த்தியம் நம் காலத்துக்கு வந்து வாய்த்திருக்கிறது. ஆகையால் நாம் நாகரிகமானவர்களா என்ற கேள்வியை நம் பாட்டன்மாரைவிட நாமே அதிகக் கண்டிப்போடு கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பெண் தன் கருவைத் தன் உடல்நலத்துக்காகவும் தன் விருப்பத்துக்காகவும் சட்டப்படி கலைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அந்த உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, பெரும்பாலும் அவள்மீது பிறர் சுமத்தும் முடிவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பிறகு மாற்றம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் சேலத்தின் எண் 916 ஆக உயர்ந்தது; தருமபுரியும் 900ஐத் தாண்டிற்று. இதற்கு ஒரே காரணம் சொல்பவரை நான் நம்புவதில்லை. இரண்டாவது பெண்ணைச் சுமந்த தாயை மாதாமாதம் போய்ப் பார்த்து, குடும்பத்தாருக்கு நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று உணர்த்திய செவிலியர்களுக்குப் பங்கு உண்டு. 1998இல் தருமபுரியில் கிராமம் கிராமமாய்ப் போய் நாடகமும் பாட்டுமாக இதைச் சந்தியில் வைத்துப் பேசிய கலைப்பயணத்துக்குப் பங்கு உண்டு. 1989இல் தருமபுரியில் தொடங்கிச் சேலத்துக்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நான் பெரும்பங்கு தருவேன். வாரந்தோறும் பதினைந்து இருபது பெண்கள் கூடிச் சேமிப்புக் கணக்கு எழுதும் இடத்தில், ஒருத்தியின் குழந்தை காணாமற்போனால் கேட்பதற்கு வாய்கள் உண்டாயின. பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடெங்கும் வந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இலேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததை நினைத்தால், அறுபது ஆண்டு தாமதம் எத்தனை குழந்தைகளை விலையாக வாங்கிற்றோ என்று மனம் பதைக்கிறது. சட்டம் வந்தபின்னும், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சீர் பெற்றுத் திரும்பும் தங்கைமார்களை நம் சார்பதிவாளர் அலுவலக வாயில்களில் நித்தமும் காண்கிறோம்.

இந்த மாற்றத்துக்குக் காரணமாக இன்னொன்றையும் நம் பக்கத்தில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்கிறார்கள். உண்மைதான். முப்பத்தைந்து வயது கடந்த வாலிபர்கள் ஜாதகக்கட்டோடு தரகர் பின்னால் அலைவதும், கேரளத்துக்கும் வேறு மாநிலங்களுக்கும் போய்ப் பெண் தேடுவதும் இங்கே யாருக்கும் புதிய செய்தியன்று. ஆகவே பெண் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் நாளைக்குப் பையனுக்கு யார் வாழ்க்கைப்படுவார்கள் என்று மேடையிலேயே பேசுகிறார்கள், சுவரிலும் எழுதுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் அந்த வாதத்தின் அடியில் கிடப்பது, சிசுக்கொலையின் அடியில் கிடந்த அதே எண்ணம்: பெண் என்பவள் வேறொருவருக்கு ஆகும் பயனைக் கொண்டு மதிக்கப்பட வேண்டியவள் என்பது. தட்டுப்பாடு வந்ததனால் விலை ஏறிய பண்டத்தைப் பத்திரப்படுத்துவது போன்ற அந்தப் பேச்சு, தட்டுப்பாடு நீங்கிய அன்று என்ன சொல்லும்? அவளை மணக்க ஒருவனும் இல்லாவிட்டாலும், அவளால் ஒரு குடும்பத்துக்கும் ஒரு காசு லாபம் இல்லாவிட்டாலும், பிறந்துவிட்டாள் என்பதனாலேயே அவள் வாழ வேண்டியவள். இதற்குமேல் காரணம் கேட்கிற சமூகம் இன்னும் படிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

வேலை முடிந்துவிட்டது என்று கருதவும் இடமில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. இடையில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 2019-21ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் முந்திய ஐந்தாண்டுகளில் பிறந்த ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 878 என்று கண்டிருக்கிறது; அதற்கு முந்திய ஆய்வில் 954 இருந்தது. மாதிரிக் குடும்பங்களைக் கொண்டு எடுத்த கணக்காகையால் அதில் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதை நிபுணர்கள் சொல்லக்கூடும். நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்தச் சமாதானம் போதாது.

ஆகவே இச்சபையின் முன் ஒரு சிறு காரியத்தை வைக்கிறேன். பிறப்பு இறப்புப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஊரிலும் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமும் சுகாதார நிலையத்திலும் ஏடு இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர், ஊரக வேலைத் திட்டம் ஆகியவற்றின் கணக்கு அங்கே படிக்கப்படுகிறது. அவற்றோடு, சென்ற ஓராண்டில் இந்த ஊராட்சியில் பிறந்த ஆண் குழந்தைகள் இத்தனை, பெண் குழந்தைகள் இத்தனை, முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தவர் இத்தனை என்ற மூன்று எண்களையும், ஒருவர் பெயரையும் சொல்லாமல், உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன். சிறிய ஊரில் ஓராண்டுக் கணக்கு தற்செயலாகவும் ஒரு பக்கம் சாயக்கூடும். ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் படித்தால் சாய்வின் உண்மை தெரிந்துவிடும். இதனால் ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று சில தலைவர்கள் ஆட்சேபிப்பார்கள். சேலத்தின் பெயர் 1992இல் கெட்டது. அப்படிக் கெட்டதனால் உயிரோடிருக்கிற பெண்கள் இன்று முப்பது வயதைக் கடந்து, யாருடைய தயவும் வேண்டாமல், தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வாழப்பாடி ஒன்றியத்து ஊராட்சித் தலைவர்களில் சிலர் இந்தச் சபையிலேயே அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். அடுத்த கிராம சபைக்கு நாள் அதிகம் இல்லை. ஏட்டைக் கேட்டு வாங்க அவர்களுக்கு அதிகாரமும் இருக்கிறது.